ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு, கெபெக் மாகாணம் லாக்-பெர்து நகராட்சியின் ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தின் வெப்பநிலை மைனஸ் ஐந்து டிகிரி. வெளியே ஒன்பது டிகிரி, மழை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு இயந்திர அறையில் இருந்த கணினி, தளத்தைக் குளிர்விக்கும் இரண்டு கம்ப்ரஸர்களையும் நிறுத்திவிட்டு, தான் வருந்துவதாக ஒரு நீலத் திரையில் தெரிவித்தது. அதன் பிறகு எதுவும் தெரிவிக்கவில்லை.

அரங்கின் பனிக்குப் பொறுப்பாளர் கெய்த்தான் வெயெட். வயது ஐம்பத்தேழு. இருபத்திரண்டு குளிர்காலமாக அந்தத் தளத்துக்குத் தண்ணீர் விட்டு, உறைய வைத்து, சீவி, மறுபடி தண்ணீர் விட்டு வருகிறவர். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஹாக்கிப் போட்டி தொடங்குவதாக இருந்தது. இருபத்து நான்கு அணிகள். முந்தின ஆண்டு மின்வெட்டால் போட்டி பாதியில் நின்றுபோனது. ஆகவே நவம்பரில் நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: இந்த முறையும் தடங்கல் வந்தால் போட்டியைப் பக்கத்து ஊரான மோன்-க்ரிக்குக் கொடுத்துவிட்டு, வசந்தத்தில் அரங்கை மூடிவிடுவது. மூன்றுக்கு நான்கு வாக்கில் நிறைவேறியது. மூடினால் கெய்த்தானை எங்கே வைப்பது என்று தீர்மானத்தில் இல்லை. பனியில்லாத ஊருக்குப் பனிக்காரர் எதற்கு என்று விட்டிருக்கலாம்.

கணினி இல்லாமலும் கம்ப்ரஸரை ஓட்டலாம். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் இரண்டு சிவப்புக் கைப்பிடிகள். முப்பது வருடம் அவற்றைத்தான் ஓரேல் மிஷோ என்பவர் திருப்பிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் முன்பு அரங்கு நவீனமயமானது. பெட்டிக்குப் பூட்டு வந்தது. ‘சான்றிதழ் பெற்ற இயக்குநரின் முன்னிலையில் மட்டுமே கைப்பிடியைத் தொடலாம்’ என்று காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் வந்தது. ஊரில் சான்றிதழ் வைத்திருந்தவர் ஓரேல் ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்று, நவம்பர் முதல் ஈஸ்டர் வரை ஃப்ளோரிடாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் இருப்பவர். வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் பயந்து கைப்பேசியை எல்லையிலேயே அணைத்துவிடுகிறவர். கெய்த்தானைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பும் விஷயம் மூன்றாவது வருடமாகப் பரிசீலனையில் இருந்தது.

பூட்டின் சாவி நகராட்சித் தலைமைச் செயலர் சொலாஞ்ச் துஃப்ரேனிடம். அவர் இரண்டேகாலுக்கு வந்தார். சாவி அவர் கைப்பையில் இருந்தது, கைப்பையிலேயே இருந்தது.

“மதாம், பத்து நிமிஷம் திறந்து விடுங்க. யாருக்கும் தெரியாது” என்றார் கெய்த்தான்.

“எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?”

“நாளைக்கு அமோனியா கசிஞ்சு யாராவது மயங்கி விழுந்தா காப்பீட்டுக்காரன் முதல்ல கேக்கப்போறது என்னைத்தான். அப்ப நீ வந்து ‘மதாமுக்கு எதுவும் தெரியாது’ன்னு சொல்லுவியா?”

கெபெக்கில் வசைச்சொல் என்றால் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்தான்; கெய்த்தான் நற்கருணைப் பேழை, கிண்ணம், அப்பம் என்று ஒவ்வொன்றாக அழைத்தார். கடைசியாகப் பூசைக்குப் போனது முதல் திருமணத்தின்போது என்றாலும், சாமான் பட்டியல் அவருக்கு மறக்கவில்லை.

மூன்று மணிக்குத் தொழில்நுட்பர் வந்துசேர்ந்தார். ஜெரெமி பக்கேன், முப்பது வயது, மொன்றியால்காரர். மொன்றியால்காரர் என்பதை அவர் சொல்லவில்லை. மழைக்கு அவர் போட்டு வந்த காலணி சொன்னது. பழைய வட்டு செத்துவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். புது வட்டைப் பொருத்தி, இயங்குதளம் அடங்கிய ஒரு குச்சியைச் செருகினார்.

“முக்கால் மணி நேரம். அப்புறம் கம்ப்ரஸர் ஓட்டுற புரோகிராம் ஒரு பத்து நிமிஷம். நாலு மணிக்கு உங்க ஐஸ் உங்ககிட்ட.”

திரை விழித்தது. கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில்: தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.

“இது ஏன் இங்கிலீஷ்ல இருக்கு?” என்றார் சொலாஞ்ச். கெபெக்கின் அரசு மொழி பிரெஞ்சு.

“மொழி கேக்கற பக்கம் அடுத்தது, மதாம். அங்க போறதுக்குத்தான் இதை அழுத்தணும்.”

“முதல்லயே கேக்கணும்.”

“கேக்கும், அழுத்தினதும்.”

ஜெரெமி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. வேறொன்றை அழுத்தினார். பிறகு நீளமான விசை, பிறகு மூலையில் இருக்கும் விசை, பிறகு எல்லாம். திரை பொறுமையாக ஏதேனும் ஒன்றைக் கேட்டபடியே இருந்தது.

“கீபோர்டை அதுக்குத் தெரியல” என்றார் ஜெரெமி. “இது வயர் இல்லாத கீபோர்டு. ஓஎஸ் ஏறின பிறகுதான் இதை அடையாளம் கண்டுக்கும்.”

“ஓஎஸ் எப்ப ஏறும்?”

“கீபோர்டு வேலை செஞ்சா.”

கெய்த்தான் அவரை நன்றாகப் பார்த்தார். “தம்பி, இதுக்குன்னு காலேஜுக்குப் போனியா?”

“நாலு வருஷம்.”

“சரி. தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

லாக்-பெர்துவில் நகராட்சிக்குச் சொந்தமாகப் பதினொரு விசைப்பலகைகள் இருந்தன. கொள்முதல் விதி எண் நாற்பதின்படி எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, வயர் இல்லாதவை. ஒன்று பழுதானால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதியின் நோக்கம். கெய்த்தான் தன் வண்டியில் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மீதிப் பத்தையும் ஒரு மீன்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரே மாதிரி என்பது உறுதியாயிற்று. பத்தும் வேலை செய்யவில்லை.

பனித்தளம் மைனஸ் நான்கு.

ஜெரெமி கணினியின் பின்புறத்தில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். அங்கே ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துளை இருந்தது. “இதுல மாட்டுற மாதிரி பழைய கீபோர்டு ஊர்ல எங்கயாவது இருக்குமா? இருபது வருஷம் முந்தினது?”

“பிங்கோ ரூம்ல இருக்கு” என்றார் கெய்த்தான் உடனே.

பிங்கோ அறை மாடியில். செவ்வாய்க்கிழமைதோறும் எழுபது பேர் அந்த எண் விளையாட்டுக்குக் கூடும் இடம், நகரத்தின் உண்மையான நாடாளுமன்றம். அங்கே எண்களைத் திரையில் காட்டும் கணினி 2003-ஐச் சேர்ந்தது. யாரும் நவீனமயமாக்க நினைக்கவில்லை, நினைத்தால் அடுத்த தேர்தலில் டெபாசிட் போய்விடும். அதன் விசைப்பலகை காப்பி நிறத்தில் இருந்தது. ஐந்து எழுத்துகளும் பத்து எண்களும் தேய்ந்து மொட்டையாகி இருந்தன. ஜெரெமி அதை மாட்டி ஏதேனும் ஒரு விசையை அழுத்தினார்.

திரை நகர்ந்தது. கெய்த்தான் கைதட்டினார், கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

அடுத்த பக்கம் மொழி கேட்டது. பிரெஞ்சு. சொலாஞ்ச் திருப்தியாகத் தலையசைத்தார். அதற்கடுத்த பக்கம் விசைப்பலகை எந்த வகை என்று கேட்டது. பட்டியலில் பிரெஞ்சு என்ற பெயரோடு ஐந்து இருந்தன: பிரான்சின் பிரெஞ்சு, பெல்ஜியத்தின் பிரெஞ்சு, கனடாவின் பிரெஞ்சு, கனடாவின் பழைய பிரெஞ்சு, கனடாவின் பன்மொழித் தரநிலை.

“நம்மளுது எது?” என்றார் ஜெரெமி.

இது லாக்-பெர்துவில் கேட்கக்கூடாத கேள்வி. அரசு அலுவலகங்கள் தரநிலைப் பலகைதான் வாங்க வேண்டும். வாங்கினார்கள். ஆனால் கை பழகியது வேறு. ஆகவே வாங்கிய அன்றே அமைப்பில் போய் வகையை மாற்றிவிடுவார்கள். விசையில் ஒரு குறி அச்சாகியிருக்கும், அழுத்தினால் வேறொன்று வரும். யாரும் விசையைப் பார்த்து அடிப்பதில்லை என்பதால் யாருக்கும் சிரமமில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் அழுவார்கள், இரண்டாம் வாரத்தில் பழகிவிடுவார்கள்.

“விதிப்படி தரநிலை” என்றார் சொலாஞ்ச்.

“நீங்க அடிக்கறது?”

“நான் அடிக்கறது கனடா பிரெஞ்சு.”

“அப்ப அதையே போடவா?”

சொலாஞ்ச் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “போடு. ஆனா படிவத்துல தரநிலைன்னு எழுது” என்றார்.

அடுத்து வந்தது கடவுச்சொல். ஒரு பனித்தளத்தின் வெப்பநிலையைத் திருட யாரும் வரப்போவதில்லை என்றாலும், நகராட்சியின் எல்லாக் கணினிகளின் வட்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று தகவல் பாதுகாப்புக் கொள்கை சொன்னது. அந்தக் கொள்கையை எழுதியவர் சொலாஞ்ச். குறைந்தது பதினாலு எழுத்து, ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறி. தலைமைச் செயலர் மட்டுமே அறிந்திருக்க வேண்டும். ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: எவருக்கும் வெளியிடலாகாது, பழுதுநீக்க வருகிறவர் உட்பட.

“எல்லாரும் சுவரைப் பாருங்க” என்றார்.

கெய்த்தானும் ஜெரெமியும் சுவரைப் பார்த்தார்கள். பிங்கோ பலகை ‘டக் டக்’ என்று உரக்கப் பேசும் ரகம். கெய்த்தான் வேறு வேலை இல்லாததால் எண்ணினார். பதினாறு. மறுபடி உறுதிப்படுத்தச் சொன்னது, மறுபடி பதினாறு. இரண்டும் ஒத்துப்போயின. நிறுவல் தொடங்கியது. ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமை நடைபோல.

அந்த நாற்பத்தேழு நிமிடத்தில் கெய்த்தான் அரங்கின் விளக்குகளை அணைத்தார், வெளிக்கதவுகளின் இடுக்கில் பழைய ஜெர்ஸிகளைத் திணித்தார், பலகைச் சுவரின் ஓரத்தில் முழங்காலிட்டுப் பனியை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். கை ஈரமானது. எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான்கு நாற்பதுக்குக் கணினி தானாக மறுதொடக்கம் ஆகி, கடவுச்சொல் கேட்டது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். டக், டக், பதினாறு.

தவறான கடவுச்சொல்.

“தப்பா அடிச்சுட்டேன்” என்றார் சொலாஞ்ச். முப்பத்தொரு வருடத்தில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நிதானமாக மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது தடவையும் தவறு. இன்னும் ஏழு முயற்சிகள் மீதமுள்ளன, பிறகு வட்டு அழிக்கப்படும் என்று திரை அறிவித்தது. அதுவும் ஆங்கிலத்தில்.

ஜெரெமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது. “ஐயோ” என்றார்.

“என்ன ஐயோ?”

“இந்தத் திரை ஓஎஸ்ஸுக்கு முன்னாடி வர்றது. நாம தேர்ந்தெடுத்த கீபோர்டு வகை இதுக்குத் தெரியாது. இது அமெரிக்கக் கீபோர்டுன்னு நினைச்சுக்கிட்டுதான் வாசிக்கும். நீங்க ஒண்ணு அடிக்கறீங்க, அது வேற ஒண்ணைப் பாக்குது.”

“அப்ப அவ்வளவு நேரம் எதுக்கு எங்ககிட்ட அஞ்சு பிரெஞ்சு காட்டி எதுன்னு கேட்டுச்சு?”

“அது முழிச்ச பிறகுக்கு, மதாம். பாதித் தூக்கத்துல அது அமெரிக்கன்தான்.”

இதற்குள் மேயர் கிஸ்லேன் க்லூட்டியே வந்திருந்தார். கெய்த்தானோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஒரே ஹாக்கி அணியில் ஆடியவர். நவம்பரில் அரங்கை மூடும் பக்கம் கையைத் தூக்கியவர். “என்னடா ஆச்சு?” என்றார்.

“ஒண்ணும் ஆகல. ஐஸ் கரையுது, பத்திரமா. யாரும் திருட முடியாது.”

“தீர்வு இருக்கா?”

“இருக்கு” என்றார் ஜெரெமி. “மதாம் பாஸ்வேர்டைச் சொன்னாங்கன்னா, ஒவ்வொரு எழுத்தும் அமெரிக்கக் கீபோர்டுல எந்த இடத்துல இருக்குன்னு பாத்து நான் அடிச்சுருவேன். ஒரு நிமிஷ வேலை.”

எல்லோரும் சொலாஞ்சைப் பார்த்தார்கள்.

“ஏழு புள்ளி மூணு” என்றார் சொலாஞ்ச்.

“அதை எழுதினதே நீங்கதானே!”

“எழுதினது நான். நிறைவேத்தினது மன்றம். நான் எழுதினதை நான் மீறலாம். மன்றம் நிறைவேத்தினதை நான் எப்படி மீறுறது?”

“அப்ப மன்றம் தளர்த்தினா?”

“தளர்த்தினா சொல்றேன்.”

“பேழையே!” என்றார் கெய்த்தான், அடைமொழி எதுவும் சேர்க்காமல்.

அவசரக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மேயரும் ஆறு உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் ஆஜராகி, முன்னறிவிப்பு வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அது தேவையில்லை. ஐந்து பேர் ஊரில் இருந்தார்கள். அவர்களில் மூவர் ஏற்கெனவே அரங்கின் உணவுக்கடையில் பூத்தீன் என்னும் பாலாடைக்கட்டி போட்ட உருளை வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மறுநாள் போட்டிக்கு ருசி பார்ப்பதாக. ஆறாவது உறுப்பினர் ஈவோன் சிருவா. அவரும் ஃப்ளோரிடாவில். ஆனால் அவருக்கு வழி இருந்தது: தொற்றுக்காலத்தில் மன்றம் ஓர் உபவிதி கொண்டுவந்திருந்தது. காணொளியில் தெரிகிறவர் சட்டத்தின் பார்வையில் அறையில் இருப்பவரே. அவருடைய முன்னிலை முழுமையான முன்னிலை. அந்த உபவிதியின் புண்ணியத்தில் ஈவோன் மூன்று குளிர்காலமாக, தென்னை மரத்தடியிலிருந்து லாக்-பெர்துவின் பனி அகற்றும் ஒப்பந்தங்களுக்கு வாக்களித்து வந்தார்.

ஐந்தரைக்கு உணவுக்கடையில் கூட்டம் தொடங்கியது. தக்காளிச் சாறு புட்டிகளுக்கு நடுவே தட்டைக்கணினி சாய்த்து வைக்கப்பட்டது. ஈவோன் தெரிந்தார்: இடுப்புக்கு மேலே சட்டை இல்லை. பின்னால் நீச்சல் குளம்.

“ஈவோன், சட்டை போடுங்க. இது மன்றம்” என்றார் சொலாஞ்ச்.

“இங்க இருபத்தெட்டு டிகிரி, மதாம்.”

“இங்க மன்றம்.”

ஈவோன் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அது குறிப்பேட்டில் மேலாடையாகப் பதிவானது.

முதலில் எல்லோரும் ஆஜர் என்று பதிவு. பிறகு முன்னறிவிப்பு வேண்டாம் என்று ஏழு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பிறகு நிகழ்ச்சிநிரலை ஏற்கும் தீர்மானம். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். கெய்த்தான் கதவோரம் நின்று கையில் வெப்பமானியோடு இடையிடையே அறிவித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு புள்ளி ஆறு.”

“மைனஸா, பிளஸா?” என்றார் ஓர் உறுப்பினர்.

“பிளஸா இருந்தா வெப்பமானியோடயா வந்திருப்பேன்? துடுப்போட வந்திருப்பேன்.”

ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ஏழாம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு இன்று ஆறரை மணி வரை, இந்த ஒரு கணினிக்கு மட்டும், இந்த ஒரு தொழில்நுட்பருக்கு மட்டும் நிறுத்திவைக்கப்படுகிறது. சொலாஞ்ச் ஒரு காகித நாப்கினில் கடவுச்சொல்லை எழுதி, நான்காக மடித்து, ஜெரெமியிடம் கொடுத்தார். ஜெரெமி பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். உட்கார்ந்தார்.

“மதாம், இந்த ரெண்டு மேற்கோள் குறி…”

“நம்ம மேற்கோள் குறி. ரெண்டு கோணம் அடுத்தடுத்து வர்றது. சிறப்புக் குறி ஒண்ணு கட்டாயம். நான் ரெண்டு போட்டேன்.”

“அது அமெரிக்கக் கீபோர்டுல கிடையாது.”

“எந்த இடத்துல கிடையாது?”

“எந்த இடத்துலயும். இந்தத் திரையில அதை அடிக்கவே முடியாது. ஏழு முயற்சி இல்ல, எழுநூறு முயற்சி இருந்தாலும்.” அவர் நாப்கினை மறுபடி நான்காக மடித்தார். “அழிச்சுட்டு முதல்லேருந்து ஏத்தணும். முக்கால் மணி நேரம். அப்புறம் கம்ப்ரஸர் புரோகிராமுக்கு அனுமதி எண் வாங்கணும். அந்தக் கம்பெனில அஞ்சு மணிக்கு போனை வெச்சுட்டாங்க.”

“மறுபடி எப்ப எடுப்பாங்க?”

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு.”

மேயர் மேசையைப் பார்த்துக்கொண்டே, “மோன்-க்ரிக்கு போன் பண்ணணும்னா இப்பவே பண்ணணும். அவங்களும் தளத்தைத் தயார் பண்ணணுமில்ல” என்றார்.

“பண்ணு” என்றார் கெய்த்தான். “நவம்பர்லயே நம்பரைச் சேவ் பண்ணி வெச்சிருப்பியே.”

மேயர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதற்குள் திரையில் ஈவோனுக்குப் பின்னால் ஒரு பெரிய வயிறு நடந்து போனது. கையில் இரண்டு பியர். ஒன்றை ஈவோன் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதோடு நாற்காலியில் சாய்ந்தது. தொப்பியில் லாக்-பெர்து தீயணைப்புப் படையின் சின்னம்.

கெய்த்தான் மேசைக்கு ஓடி வந்து தட்டைக்கணினியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“ஓரேல்!”

“யாருடா அது? கெய்த்தானா?” என்றது தொப்பி. “என்னடா இருட்டுல நிக்கற? கரண்டு பில் கட்டலியா?”

“நீ ஈவோன் பக்கத்துலயா இருக்க?”

“அடுத்த டிரெய்லர். மூணு வருஷமா. உங்களுக்குத் தெரியாதா?”

யாருக்கும் தெரியாது. ஈவோனிடம் யாரும் கேட்டதில்லை. ஈவோனுக்கும் வாக்களிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கெய்த்தான் தட்டைக்கணினியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுச் சொலாஞ்சிடம் திரும்பினார். “மதாம், ஒரு கேள்வி. ஈவோன் இப்ப இங்க இருக்காரா?”

“ஆஜர்னு பதிவாகியிருக்கு.”

“அறையில இருக்கார்.”

“சட்டப்படி.”

“அப்ப அவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவர் எங்க இருக்கார்?”

சொலாஞ்ச் கைப்பையைத் திறந்து உபவிதிப் புத்தகத்தை எடுத்தார். அது எப்போதும் அங்கே இருக்கும். பிறகு காப்பீட்டு ஒப்பந்தத்தின் நகலை எடுத்தார், அதுவும் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து விரலால் வரிவரியாகப் படித்தார். ஜெரெமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேயர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

“உபவிதியில ‘உறுப்பினர்’னு இல்ல” என்றார் சொலாஞ்ச் கடைசியில். “‘நகராட்சி அலுவலுக்குத் தேவைப்படும் எந்த நபரும்’னு இருக்கு. ஒப்பந்தத்துல ‘முன்னிலையில்’னு மட்டும்தான் இருக்கு. எப்படிப்பட்ட முன்னிலைன்னு இல்ல.”

“அப்படின்னா?”

“பொருந்துது. ஆனா சான்றிதழைப் பாக்கணும்.”

ஓரேல் பணப்பையைத் துழாவினார். மீன்பிடி உரிமம், பழைய உரிமம், அதற்கும் பழைய உரிமம், ஒரு காபிக்கடையின் முத்திரை அட்டை, அதன் பின்னால் சான்றிதழ். கேமராவுக்கு நேரே காட்டினார். சொலாஞ்ச் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டார்.

“பியரைக் கீழ வைங்க, மிஸ்யு மிஷோ. இப்ப நீங்க பணியில இருக்கீங்க.”

“முதல் பியர்தான், மதாம்.”

“அதையும் குறிச்சுக்கறேன்.”

தட்டைக்கணினியோடு எல்லோரும் இயந்திர அறைக்கு நடந்தார்கள். சொலாஞ்ச் பெட்டியைத் திறந்தார். கெய்த்தான் முதல் கைப்பிடியில் கை வைத்ததும் ஓரேலின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி மறைந்தது. இரும்புக் கதவுக்கு உள்ளே சிக்னல் வராது.

“கையை எடு” என்றார் சொலாஞ்ச். “இப்ப அவர் முன்னிலையில இல்ல.”

“மதாம்—”

“எடு.”

கெய்த்தான் எடுத்தார். ஜெரெமி தட்டைக்கணினியை வாங்கிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். வாசற்படிக்கு ஓரடி வெளியே, தலைக்கு மேலே கையை நீட்டிப் பிடித்தபோது ஓரேல் மறுபடி வந்தார். அந்த இடத்திலிருந்து அவருக்குப் பெட்டியும் தெரிந்தது. மொன்றியாலில் நாலு வருடம் படித்தவர் அன்று செய்த பயனுள்ள வேலை அதுதான்: இருபது நிமிடம் கையைத் தூக்கி வைத்திருந்தார்.

“இடதுபக்கம் முதல்ல” என்றார் ஓரேல் திரையிலிருந்து. “எண்ணெய் அழுத்தம் நாப்பது வர்ற வரைக்கும் ரெண்டாவதைத் தொடாதே. பதறாதே. நீ எப்பவும் பதறுவ.”

“பதறல.”

“ஒரு கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்க, இங்கேருந்தே தெரியுது. இத்தனைக்கும் படம் அவ்வளவு நல்லா இல்ல.”

கெய்த்தான் திருப்பினார். தரைக்கடியில் ஏதோ இருமியது, பிறகு முனகியது, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. ஊசி நாற்பதைத் தொட்டதும் இரண்டாவதையும் திருப்பினார். நேரம் ஆறு இருபத்து நான்கு. பனித்தளம் மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு.

யாரும் கைதட்டவில்லை. மேயர் கெய்த்தானின் தோளில் கை வைத்தார். கெய்த்தான் அந்தக் கையைப் பார்த்தார், மேயர் எடுத்துக்கொண்டார்.

“நான் எவ்வளவு நேரம் இங்க உக்காரணும்?” என்றார் ஓரேல்.

சொலாஞ்ச் ஒப்பந்தத்தைப் பார்த்தார். “கைப்பிடி இயக்கத்தில் இருக்கும் வரை.”

“அதாவது?”

“திங்கட்கிழமை.”

ஃப்ளோரிடாவிலிருந்து தேவாலயச் சாமான்கள் வந்தன. கெய்த்தானின் பட்டியலில் இல்லாத இரண்டும் அதில் இருந்தன.

போட்டி சனிக்கிழமை காலை எட்டு பத்துக்குத் தொடங்கியது. லாக்-பெர்து அணி முதல் ஆட்டத்தில் மோன்-க்ரியிடம் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. திங்கள் காலை வரை தட்டைக்கணினி இயந்திர அறை வாசலில் ஒரு ஏணியின் உச்சியில் கட்டப்பட்டிருந்தது. அதில் பெரும்பாலும் ஒரு காலி நாற்காலி தெரிந்தது. சொலாஞ்ச் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து கூப்பிட்டு, ஓரேல் எட்டிப் பார்த்துக் கையசைத்ததும் பதிவேட்டில் ‘ஆஜர்’ என்று எழுதினார்.

திங்கட்கிழமை ஜெரெமி இயங்குதளத்தை மறுபடி நிறுவினார். புதுக் கடவுச்சொல்லில் மேற்கோள் குறி இல்லை என்று சொலாஞ்ச் தெரிவித்தார். அதற்கு மேல் தெரிவிக்கவில்லை. ஏப்ரல் கூட்டத்தில் அரங்கை இன்னொரு பருவத்துக்குத் திறந்து வைக்க மன்றம் மூன்றுக்கு நான்கு வாக்கில் முடிவு செய்தது. கை மாற்றி வாக்களித்தவர் மேயர். கெய்த்தானின் பயிற்சி பரிசீலனையில் இருக்கிறது.

இயந்திர அறைக் கணினியின் கடவுச்சொல் திரைக்கு வயர் இல்லாத விசைப்பலகை தெரியாததால், பிங்கோ அறையின் பழையது அங்கேயே மாட்டப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிங்கோ மறு அறிவிப்பு வரை ரத்து.